அவுக இருந்த வேன்

1

எனக்கு எழுபத்தாறு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றது. ஐந்தாவது என் நாத்தனார் மகன் முத்துராசு. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறை வெடித்து அவள் போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. ஐந்து பேரில் யாருக்கும் ஒரு கை கூடவோ குறையவோ சோறு போட்டதில்லை. இதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து வரும், வேகம் வராது. ஒரு கடிதம் எழுத ஒரு பகல் போய்விடும். போகட்டும். இந்த மெல்போர்னில் என்னிடம் பொழுதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

விருதுநகரிலும் ஆமத்தூரிலும் இருக்கிற நீங்கள் போனில் வந்தால், சௌக்கியமா இருக்கீகளா என்று கேட்பீர்கள். இருக்கேன், இங்கன ரோடெல்லாம் சுத்தம், தண்ணி சுத்தம் என்று சொல்லி வைத்துவிடுவேன். இந்த வாரம் அப்படிச் சொல்ல முடியவில்லை. எங்கள் பழைய வேனை நேற்றுச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரருடைய மூன்றாவது திதியும் இந்த வாரம்தான்.

அவுகளுடைய அஸ்தி அந்த வேனில்தான் இருந்தது. ராமேஸ்வரம் கடலில் கரைக்க வேண்டியது. இன்னும் கரைக்கவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

2

வேனில் குடித்தனம் நடத்துவது எனக்குப் புதிது இல்லை. சிவகாசியில் அவுக ஒரு மெட்டடோர் வேன் வைத்திருந்தார்கள். சீசனில் அச்சாபீசிலிருந்து லேபிள் கட்டுகளையும் அட்டைப் பெட்டிகளையும் ஏற்றி, ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனியாக இறக்குவார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட நேரம் இருக்காது. தூக்குச் சட்டியோடு நான் ரோட்டோரம் நிற்பேன். வேன் முழுசாக நிற்காது, கை மட்டும் வெளியே வரும், சட்டி போய்விடும்.

தீபாவளி முடிந்தால் ஊர் அடங்கிவிடும். அப்போது வேனைக் கழுவி, மை வாடை போகச் சாம்பிராணி காட்டி, ஜமுக்காளம் விரித்தால் அது வேறு வண்டி. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போகிறவர்கள் வந்து கூப்பிடுவார்கள். தை மாசம் கடைசி வெள்ளிக்கு நாங்களும் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போவோம். ஐந்து பிள்ளைகளையும் வேனுக்குள் வரிசையாகப் படுக்கவைத்து, குறுக்கே என் சேலையைத் திரையாகக் கட்டி, ஆற்றோரம் நிறுத்திப் பொங்கல் வைத்துத் தங்கிவிட்டு வருவோம். ஒரு பிள்ளை புரண்டால் ஐந்தும் புரளும்.

அந்த வேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ராமேஸ்வரத்துக்கு அஸ்தி கொண்டு போகிறவர்கள் அவுகளைத்தான் தேடி வருவார்கள். அதில் அவுகளுக்கு ஒரு முறை இருந்தது. எங்கள் பக்கம் அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டு வருவதில்லை. சிவப்புத் துணியில் முடிந்து, வெளியே வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வண்டி வந்ததும் மரத்திலிருந்து நேராக வண்டிக்கு மாற்றுவார்கள். வாசல்படி ஏறாது. வீட்டை விட்டுக் கிளம்பிய ஆள் கடலுக்குப் போகிற வழியில் நிற்கிறார், வழியில் நிற்கிறவரைத் திரும்ப உள்ளே கூப்பிட்டால் அவர் போகிற வழியை மறந்துவிடுவார் என்பார்கள். அவுக அதை அப்படியே நம்பினார்கள். நானும்தான்.

வழியில் பாலம் வந்தால் வேகத்தைக் குறைத்து, பின்னால் இருக்கிற கலயத்திடம் சொல்வார்கள். "அய்யா, தண்ணியத் தாண்டுறோம். கூடவே வந்துருங்க." பெண்ணாக இருந்தால், "ஆத்தா". பாம்பன் பாலத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேச்சு இருக்கும். அந்தா கடல், காத்துப் பலமா இருக்கு, முக்காட்டப் போட்டுக்கிடுங்க என்பார்கள். வேனில் அழுதுகொண்டு வருகிறவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

என் பெரியப்பா அஸ்திக்கு நானும் போனேன். திரும்பி வரும்போது, எல்லாரும் பின்னால் தூங்கிவிட்டார்கள். நான் முன் சீட்டில் இருந்தேன். பரமக்குடி தாண்டியிருப்போம்.

"ஏளா, நான் போனா நீ பின்னால உக்காந்து வரக்கூடாது. இந்த சீட்ல வரணும். பாலத்துல சொல்றதுக்கு ஆள் வேணும்ல."

"நீங்க எனக்கு முந்திப் போறதா முடிவே பண்ணிட்டீகளாக்கும்?"

"லோடு முதல்ல ஏறுன வண்டிதான முதல்ல கிளம்பணும்."

சரி என்றேன். விளையாட்டுக்குச் சொன்ன சரி இல்லை அது.

3

கடைசி மகன் செல்வம் இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பேத்தி தியா கைப்பிள்ளையாக இருந்தபோது பார்த்துக்கொள்ள வந்தோம். வந்தவர்கள் இருந்துவிட்டோம். இருந்துகொள்ள அனுமதி கேட்டுப் போட்ட மனு இன்னும் வரிசையில் நிற்கிறது. அந்த வரிசை நகர்வதற்குள் நாங்கள் ஒவ்வொருவராக வரிசையை விட்டுப் போய்விடுவோம் என்று அவுக சொன்னார்கள். பாதி பலித்துவிட்டது.

வீடு பெரிய வீடு. ஆளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு, கதவெல்லாம் சாத்தியே இருக்கும். சாப்பாடு ஆளுக்கு ஒரு நேரம். சிவகாசியில் அடுத்த தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குச் சொல்லும். இங்கே அடுத்த அறையில் பேரன் நவீன் இருக்கிறானா இல்லையா என்று அவன் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அப்படி இருந்தபோதுதான் செல்வம் அந்த வேனை வாங்கி வந்தான். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உள்ள பழைய வேன். தூக்கிவிட்டால் கூரை உயரும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு விற்றது. ஜன்னல் திரையில் வாத்துப் படம் போட்டிருந்தது. நான் அதைக் கழற்றிவிட்டு என் சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தைத்துப் போட்டேன். மறுநாள் மருமகள் ரேவதி தன் பழைய சேலை ஒன்றையும் கொண்டு வந்து கொடுத்தாள்.

அவுகளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இங்கே அவுகளை வண்டி ஓட்ட விடமாட்டார்கள். இருந்தாலும் காலையில் எழுந்ததும் போய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கே போறீக என்று கேட்டால், ஆலங்குளம் வரைக்கும் என்பார்கள்.

லீவு விட்டால் கடற்கரைக்கும் மலைக்கும் போனோம். வேனுக்குள் அடுப்பு இருந்தாலும் அவுக பற்றவைக்க விட்டதில்லை. பிள்ளைகள் படுக்கிற இடத்தில் தீ கூடாது. தீக்குச்சி உரசும்முன் நான்கு பக்கமும் பார்க்கிற ஊர் எங்களுடையது. காற்றாக இருந்தாலும் குளிராக இருந்தாலும் வெளியே தனி அடுப்பு வைத்துத்தான் சமைப்பேன். ஒரு தடவை பக்கத்து வண்டிக்காரக் கிழவர் பாவப்பட்டு வந்து, உள்ளே அடுப்பு இருக்கிறது என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். அவுக எல்லாவற்றுக்கும் எஸ், தேங்க்யூ என்று சொல்லி அவருக்கும் ஒரு தோசை கொடுத்தனுப்பினார்கள்.

ஒரு சின்ன ஊரில் புத்தாண்டுக்கு வாணவேடிக்கை. எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். அவுக காலையில் எழுந்து புல்லுக்குள் கிடந்த வெடித்த காகிதங்களைப் பொறுக்கி, லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நம்ம ஊர்த் தாள் இல்லை, மை நல்லா ஏறியிருக்கு என்று ஒப்புக்கொண்டு மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

வேனில் கதவு ஒன்றுதான். கால் நீட்டினால் அடுத்தவர் மேல் படும். போனும் பாதி இடத்தில் எடுக்காது. அதனால் பேசினார்கள். நவீன் எனக்குச் சீட்டாட்டம் சொல்லிக் கொடுத்தான். ரேவதி தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் சொல்லாத சங்கதி அது.

4

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவுகளுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் எழுதினார்கள். நாம் முன்னால் வைக்கிற அப்பன் பெயரைத்தான் இந்த ஊரில் ஆளின் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். நர்ஸ் வந்து என் மாமனார் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாள். அவுக திரும்பியே பார்க்கமாட்டார்கள். நினைவு தப்பிவிட்டது என்று எழுதிவிட்டார்கள். செல்வம் வந்து விளக்கிய பிறகு அதை அடித்துத் திருத்தினார்கள். "எங்கய்யாவையாக்கும் கூப்புடுறாகன்னு நெனச்சேன். அவரு போயி ரொம்ப நாளாச்சுன்னு சொல்லு" என்று அவுக செல்வத்திடம் சொன்னார்கள். என் காதில் விழுந்த கடைசிப் பேச்சு அதுதான்.

முத்துராசு கிளம்பி வர விசா கேட்டான். திரும்பிப் போவான் என்று நம்ப முடியவில்லை என்று எழுதிக் கையை விரித்துவிட்டார்கள். ஆமத்தூரை விட்டு மதுரையில் ஒரு ராத்திரி தங்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற பயல் அவன்.

எரித்துவிட்டு அஸ்தியைப் பழுப்பு நிற பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தார்கள். மேலே ஒட்டிய சீட்டிலும் மாமனார் பெயர்தான் முன்னால். செல்வம் அதைக் காரிலிருந்து எடுத்து வீட்டுக்குள் போகப் பார்த்தான். நான் வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

பின்பக்கம் ஒரு எலுமிச்சை மரம் உண்டு. அதில் கட்டலாம் என்றேன். மழையும் காற்றும் இந்த ஊரில் சொல்லிவிட்டு வருவதில்லை. கட்டிய கொஞ்ச நேரத்தில் டப்பா ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நானே அவிழ்த்துவிட்டேன். அப்போதுதான் செல்வம், வேன்ல வைக்கலாம்மா, வண்டிதான, வீடு இல்லையே என்றான். எனக்குச் சரியாகப்பட்டது. அவுக பிழைத்ததே வண்டியில்தான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அலமாரி. சிவப்புத் துணியில் முடிந்து உள்ளே வைத்தேன்.

அன்று முத்துராசு போனில், மாமா இப்ப எங்கன இருக்காக என்று கேட்டான். வண்டியில்தான் என்றேன்.

"வண்டியிலயா? அப்பச் சரி அத்தை. கிளம்பிட்டாகன்னு அர்த்தம்."

5

ஆறு மாசத்தில் ராமேஸ்வரம் போவதாக இருந்தது. செல்வத்துக்கு லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது நவீனுக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்தபோது எனக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தேன். இந்த இருதயத்தோடு விமானத்தில் அத்தனை மணி நேரம் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். நல்ல மனுஷர்தான். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொண்டு முடியாது என்பார்.

கப்பல் உண்டா என்று செல்வத்திடம் கேட்டேன்.

"சரக்குக் கப்பல்தாம்மா போகுது. ஆள ஏத்த மாட்டாக."

"அப்ப எங்க ரெண்டு பேரையும் லோடுன்னு எழுதி ஏத்திவிடு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டான். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

இதற்கு நடுவே வேனில் சில தடவை வெளியூர் போனோம், அவுகளோடுதான். நான் முன் சீட்டில் உட்கார்ந்து, பாலம் வந்தால் பின்பக்கம் திரும்பிச் சொல்வேன். என்னங்க, தண்ணி வருது. இந்த ஊர்ப் பாலத்துக்கெல்லாம் பெயர் தெரியாது, அதனால் தண்ணி என்று மட்டும் சொல்வேன். முதல் தடவை பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த தடவை தியா எனக்கு முந்தியே, "தாத்தா, பிரிட்ஜ்" என்று குரல் கொடுத்தாள். நவீன் காதில் எதையோ மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எங்களோடு வரவில்லை. காலேஜுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எப்போதாவது வருவான். அப்பத்தா என்று கட்டிப்பிடிப்பான். நான் கேட்பது அவனுக்குப் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். பதில் எனக்குப் புரியாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அதுதான் வருகிறது.

வேன் வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம் நின்றது. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, காப்பி போட்டு எடுத்துக்கொண்டு அதில் போய் உட்கார்ந்துவிடுவேன். கீரை ஆய்வேன், ஊர்ச் சங்கதி சொல்வேன். யாரோ பார்த்துக் கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் சட்டையில் பட்டை மாட்டிய ஒரு ஆள் வந்தார். ரோட்டில் நிற்கிற வண்டியில் யாரும் குடியிருக்கக் கூடாதாம். தியாதான் நடுவில் நின்று பேசினாள்.

"அப்பத்தா, இதுல யாரும் இருக்காங்களான்னு கேக்குறார்."

"ஒருத்தரு இருக்காக. உசுரோட இல்லைன்னு சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள், அந்த ஆளைப் பார்த்தாள். பிறகு நோ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கெட்டிக்காரி. அந்த ஆள் எதையோ எழுதிக்கொண்டு, வேனுக்குள் மேஜையில் ஆய்ந்து வைத்திருந்த கீரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவே செல்வம் வேனை வீட்டு வளாகத்துக்குள் கார் ஷெட்டில் நிறுத்தினான்.

எனக்கு அதிலும் ஒரு வருத்தம். ரோட்டைப் பார்த்து நின்ற வண்டி சுவரைப் பார்த்து நின்றது.

6

இந்த ஊரில் பழைய வண்டிக்கு, ஓடலாம் என்று ஒரு சர்டிபிகேட் வேண்டும். போன மாசம் செல்வம் வேனைக் கொண்டு போனான். மெக்கானிக் அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினாராம். சேஸி முழுக்கத் துரு. விரல் வைத்தால் உதிர்ந்ததாம். கடல் கடலாக அலைந்த வண்டி, உப்பு தின்றுவிட்டது. இதை ரோட்டில் விடவே கூடாது, உடைக்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

செல்வம் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னான். அன்று அதிசயமாக எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம், நவீன்கூட வந்திருந்தான். சொல்வதற்காகவே கூட்டியிருக்கிறான் என்று பிறகுதான் விளங்கியது.

"அம்மா, வண்டிய எடுத்துட்டுப் போயிருவாக. அதுக்கு முன்னால நான் மட்டும் அப்பாவக் கொண்டு போயிக் கரைச்சிட்டு வந்துர்றேன். முத்துராசு கூட நிப்பான். நீங்க போன்ல பாருங்க. தெளிவாத் தெரியும்."

"உங்கப்பா என்னைய போன்லயாலே கூப்பிட்டாக?"

அவன் தட்டைப் பார்த்தான்.

"முன் சீட்ல வான்னு சொன்னாக. சரின்னு சொன்னேன். அவுகளக் காக்க வைக்கலாம். ஏமாத்த முடியாது."

"எத்தனை நாளைக்கும்மா காக்க வைப்பீக? டாக்டர் சொன்னது உங்களுக்கு..." ரேவதி அவன் முழங்கையைத் தொட்டாள்.

எனக்குத் தெரியாதா? விரலை மடக்கிப் பார்க்க எனக்கும் தெரியும். நான் நினைத்து வைத்திருந்தது வேறு. எனக்குக் குணமாகும் என்று ஒரு வருஷம் நினைத்தேன். பிறகு அதை விட்டுவிட்டேன். நானும் போய்விட்டால் அந்த அலமாரியிலேயே பக்கத்தில் இன்னொரு டப்பா. ஒரே துணியில் முடிந்து செல்வம் கொண்டு போவான். பாம்பனில் யார் யாருக்குச் சொல்வது என்று நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதைச் சொன்னேன்.

யாரும் சாப்பிடவில்லை. நவீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் தமிழ் பேசி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிறது.

"அப்பத்தா, அப்படிப் பேசாதீங்க."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நேரத்திலும், பிள்ளை 'பேசாதீங்க' என்று மரியாதையாகச் சொன்னானே என்றுதான் தோன்றியது. அவ்வளவு காய்ந்து போய்க் கிடக்கிறேன்.

செல்வம் டிக்கெட் போடவில்லை. நான் சம்மதித்தால் போடுவதாகச் சொன்னான். தினமும் வேலைக்குப் போகும்முன் என் முகத்தைப் பார்ப்பான். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

7

நேற்று இழுவை வண்டி வந்தது. காலையிலேயே வேனைத் துடைத்தேன். உடைக்கப் போகிற வண்டியை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று ரேவதி கேட்கவில்லை. பக்கெட்டில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். சேலைத் திரையைக் கழற்றினேன். அலமாரியைத் திறந்து அவுகளை எடுத்தேன். இத்தனை நாளில் துணி ஒரு பக்கம் வெளுத்துவிட்டது.

வந்தவன் சின்ன வயசுக்காரன். கொக்கியை மாட்டிவிட்டு, உள்ளே எதுவும் இருக்கிறதா என்று கைச்சாடையில் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். வேன் பின்பக்கம் தூக்கியபடி போனது. தெரு முக்குத் திரும்பும்போது கதவு ஒன்று திறந்து திறந்து மூடியது. நான் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், ஐந்து பிள்ளைகளை வைத்த இடுப்பில்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மரம் ஆகாது என்று பார்த்தாயிற்று. வண்டி இல்லை, செல்வத்தின் கார் தினமும் வேலைக்குப் போய்விடும். இந்த ஊரில் வெளியே என்பதே இல்லை. ஒன்று வீடு, இல்லையென்றால் ரோடு. கார் ஷெட்டில் வேன் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் அவுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரேவதி சோறு கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். தியா பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு சாரல் பிடித்தது. காற்று அதை ஷெட்டுக்குள் திருப்பி அடித்தது. முந்தானையால் டப்பாவை மூடினேன்.

ரேவதி வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, மாமாவ உள்ள கூட்டிட்டு வாங்க. குளிருது."

எடுத்துட்டு வாங்க என்று அவள் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். கூட்டிட்டு வாங்க என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அவளும் பாவம், பெற்ற தாயின் சாவுக்கு வாசலில்கூட நிற்க முடியாமல் போனில் பார்த்தவள்.

எழுந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, தியா தாங்கினாள். வாசல்படிக்கு முன்னால் நின்றேன். வீட்டை விட்டு வந்தவரைத் திரும்ப உள்ளே கூப்பிட்டால் வழி மறந்துவிடும். மறந்தால் மறக்கட்டும். ஏறிப் போக வண்டி இல்லை, கூடப் போக ஆள் இல்லை, வழியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டியில் இருந்தவரைக்கும் அவுக பயணத்தில் இருந்தார்கள். நானும்தான் பயணத்தில் இருந்தேன். இத்தனை வருஷமாக இந்த ஊரில் நான் தங்கியதாக நினைத்ததே இல்லை. ஒரு நடை வந்திருக்கிறோம், லோடு இறக்கியதும் திரும்புவோம் என்றே இருந்தேன்.

"உள்ள வாங்க," என்றேன். "வேற போக்கு இல்ல. வாங்க."

படியேறினோம். என் அறையில், ஜன்னல் பக்கத்து மேஜையில் வைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றலாமா கூடாதா என்று ரேவதி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் அஸ்தி இருக்கும்போது என்ன செய்வது என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லி வைக்கவில்லை, அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. அவள் ஏற்றவில்லை. அறை விளக்கை மட்டும் போட்டாள்.

செல்வம் வேலை முடிந்து வந்து அறை வாசலில் நின்று பார்த்தான். அவுக பயணம் முடிந்து உள்ளே வந்துவிட்டார்கள், இனிமேல் அவன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கமாட்டான்.

முத்துராசு இன்று விடிந்ததும் போன் அடித்தான், நான் எடுக்கவில்லை. மாமா எங்கன இருக்காக என்று கேட்பான். என்னால் வாய் திறந்து சொல்ல முடியாது. அதனால்தான் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினேன். அவனும் படிக்கட்டும், மற்றவர்களும் படிக்கட்டும். சௌக்கியமா என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.

தியா வந்துவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த படிப்பு, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். தாளை அவள் கையில் கொடுத்துச் சொல்லப்போகிறேன். இதப் படி தாயி. எனக்காக இல்ல, எழுதுனது எனக்கே தெரியும். அவுக பக்கமாத் திரும்பி உக்காந்து, சத்தமாப் படி. நிறுத்தி நிறுத்திப் படிச்சாலும் பரவாயில்ல. அவுகளுக்கு இனிமே எங்கயும் போற சோலி இல்ல.